தில்லியில் படிக்கும்போது பிறந்தநாள் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரில் பிறந்தநாள் தானாக நடந்துவிடும். புதுத்துணிக்கு மஞ்சள் தடவி வைப்பது, கோயிலில் பெயர் சொல்வது, பாயசம் வைப்பது எல்லாம் அம்மாவோ பாட்டியோ பார்த்துக்கொள்வார்கள். தில்லிக்குப் படிக்க வந்த முதல் வருடம் அது நடக்காதபோதுதான், இதையெல்லாம் யாரோ செய்துகொண்டிருந்தார்கள் என்பது உறைக்கும். தில்லிப் பல்கலைக்கழக வடக்கு வளாக விடுதிகள், முனிர்கா, பேர் சராய், ஓல்டு ராஜிந்தர் நகர் பி.ஜி. அறைகள் என்று எங்கே தங்கியிருந்தாலும் தமிழ் மாணவர்கள் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றுக்கான பதில்கள் இங்கே.

எத்தனை நாள் முன்னால் யோசிக்கத் தொடங்க வேண்டும்?

பத்து நாள் போதும். பத்து நாள் முன்னால் வீட்டிலிருந்து பார்சல் கிளம்ப வேண்டும். மூன்று நாள் முன்னால் மெஸ்ஸில் பேச வேண்டும். முந்தைய நாள் கேக் சொல்ல வேண்டும். இன்னொன்று: அறைத்தோழர்களிடம் தேதியை நீங்களே சொல்லிவிடுங்கள். யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று காத்திருந்து, மாலை ஆறு மணிக்கு மனம் வாடிப்போவதுதான் முதல் வருடத்தில் அதிகம் நடக்கிறது. சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஆங்கிலத் தேதியா, நட்சத்திரமா?

இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். காலை நட்சத்திரப்படி, மாலைக் கொண்டாட்டம் தேதிப்படி என்று பிரித்தால் இரண்டு பக்கமும் மனம் நிறையும். இரண்டும் பெரும்பாலும் ஒரே நாளில் வராது. சில வருடம் இரண்டு மூன்று வாரம்கூடத் தள்ளிப்போகும்.

நட்சத்திரப் பிறந்தநாள் என்பது பிறந்த தமிழ் மாதத்தில் அதே நட்சத்திரம் வரும் நாள். சந்திரன் 27 நட்சத்திரங்களையும் சுற்றிவர 27 நாளுக்குச் சற்று மேல் ஆகிறது. தமிழ் மாதமோ 29 முதல் 32 நாள் வரை. அதனால் ஒரே மாதத்தில் உங்கள் நட்சத்திரம் இரண்டு முறை வரலாம். பல வீடுகளில் இரண்டாவதை எடுப்பார்கள். சில வீடுகளில் முதலாவதை. உங்கள் வீட்டு வழக்கத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தில்லியில் ஒரு கூடுதல் குழப்பம் உண்டு. நட்சத்திரம் முடிகிற நேரம் நாடு முழுக்க ஒன்றுதான், சூரிய உதயம் ஒன்றல்ல. ஜனவரி தொடக்கத்தில் சென்னையில் சூரியன் 6.30-ஐ ஒட்டி உதிக்கும், தில்லியில் 7.15 ஆகிவிடும். நட்சத்திரம் காலை 6.50-க்கு முடிந்தால், உதயத்தை வைத்துக் கணக்கிடுபவர்களுக்குச் சென்னையில் அந்த நாள் உங்கள் நாள், தில்லியில் இல்லை. கைபேசிச் செயலியில் ஊர் தில்லி என்று இருந்தால் வேறு தேதி காட்டுவது இதனால்தான். வீட்டுக் காலண்டர் சொல்லும் நாளையே எடுத்துக்கொள்வது நல்லது. அங்கே அம்மா அர்ச்சனை செய்யும் நாளும் இங்கே நீங்கள் கோயிலுக்குப் போகும் நாளும் ஒன்றாக இருக்கும்.

எந்தக் கோயில்? எப்படிப் போவது?

தெற்கு தில்லியில் இருப்பவர்களுக்கு மலை மந்திர். ராமகிருஷ்ணபுரம் ஏழாவது செக்டரில் சிறு குன்றின்மேல் இருக்கும் சுவாமிநாத சுவாமி கோயில். 1973-ல் கும்பாபிஷேகம் ஆனது. ‘யாமிருக்க பயமேன்’ என்று பெரிதாக எழுதியிருப்பதைத் தமிழில் படிக்கும்போது, ஊரைவிட்டு வந்த பிள்ளைக்கு அது தனக்கே சொன்னது போல இருக்கும்.

மெட்ரோவில் போகிறவர்கள் ஒரு தவறு செய்வார்கள். முகவரியில் ஆர்.கே.புரம் என்றிருப்பதால் ஆர்.கே.புரம் நிலையத்தில் இறங்கிவிடுவார்கள். அங்கே இறங்காதீர்கள். மெஜந்தா தடத்தில் ஆர்.கே.புரம், முனிர்கா இரண்டையும் தாண்டி வசந்த் விஹாரில் இறங்குவதே பக்கம். வடக்கு வளாகத்திலிருந்து வந்தால், விஸ்வவித்யாலயாவில் மஞ்சள் தடம் ஏறி ஹௌஸ் காஸில் மாற வேண்டும்.

நம் ஊர்க் கோயில் போலவே நண்பகலில் நடை சாத்தி மாலையில் திறப்பார்கள். வகுப்பு முடித்து ஒரு மணிக்குப் போய் நிற்காதீர்கள். அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்பார்கள். கோத்திரம் தெரியாவிட்டால் பெயரும் நட்சத்திரமும் போதும். கிழக்கு தில்லியில் இருப்பவர்களுக்கு மயூர் விஹார் முதல் பேஸில் உத்தர குருவாயூரப்பன் கோயில் பக்கம். தேவாலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ போகிறவர்களும் காலையிலேயே போய்வந்துவிடுங்கள். மாலை நண்பர்கள் கையில் போய்விடும்.

வீட்டிலிருந்து என்ன அனுப்பச் சொல்லலாம்? எது கெட்டுப்போகும்?

தாங்குபவை: முறுக்கு, தட்டை, அதிரசம், பொருள்விளங்காய் உருண்டை, கடலை மிட்டாய், நெய் நிறைய ஊற்றிக் கெட்டியாகச் செய்த மைசூர் பாகு, அல்வா. தாங்காதவை: தேங்காய் சேர்த்த எதுவும், பால்கோவா, ரவா லாடில் பால் தெளித்துப் பிடித்தது. தேங்காயில் இருக்கிற ஈரமும் எண்ணெயும் வெயிலில் சிக்கு வாடை அடிக்கவைக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை தில்லியில் 40 டிகிரி தாண்டுவது சாதாரணம். பார்சல் நிற்கும் கிடங்கில் அதைவிடச் சூடு. டிசம்பர், ஜனவரியில் அனுப்பினால் பால்கோவாகூடப் பிழைத்து வரலாம், ஆனால் பனிமூட்டத்தில் ரயிலும் விமானமும் தாமதமாகும் மாதங்களும் அவையே.

முறுக்கு நொறுங்காமல் வர, டப்பாவுக்குள் அசைய இடம் இருக்கக்கூடாது. நன்றாக ஆறிய பிறகு, எவர்சில்வர் டப்பாவில் அடுக்கடுக்காகப் போட்டு, மேலே மிஞ்சும் இடத்தில் காகிதத்தைக் கசக்கி அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டச் சொல்லுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து நமத்துவிடும். ஊறுகாயையும் துணியையும் ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம். எண்ணெய் கசிந்து பாழான பிறந்தநாள் சட்டைகள் நிறைய.

புதுத்துணியை வீட்டிலிருந்தே வரவழைப்பது எங்கள் யோசனை. அனுப்பும் முன் ஓரத்தில், உள்பக்க மடிப்பில், அம்மா கையால் மஞ்சள் வைக்கச் சொல்லுங்கள். மஞ்சளைக் குழைத்து வைத்தால் நன்றாகக் காய்ந்த பின்புதான் மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபக்கமும் கறையாகும். துணியைப் பிரித்துப் போட்டுக்கொள்ளும்போது விரலில் அந்த மஞ்சள் பொடி லேசாக ஒட்டும். அதற்காகவே வரவழைக்கலாம்.

முகவரியை ஆங்கிலத்தில், பின்கோடோடு எழுதச் சொல்லுங்கள். பெயர், அறை எண், விடுதிப் பெயர், உங்கள் கைபேசி எண் நான்கும் வேண்டும். எண் இல்லாத பார்சல் வாசல் காவலரிடம் கிடக்கும், அல்லது திரும்பிப் போகும். ஸ்பீடு போஸ்ட்டில் தமிழ்நாட்டிலிருந்து வர மூன்று முதல் ஐந்து நாள், நடுவில் விடுமுறை வந்தால் இன்னும் கூட. அதற்காகத்தான் பத்து நாள் முன்பே என்கிறோம்.

விடுதி அறையில் பாயசம் வைக்க முடியுமா? கெட்டில் மட்டும்தான் இருக்கிறது.

முடியும், ஆனால் பாலைக் கெட்டிலில் காய்ச்சக்கூடாது. பால் பொங்கி மூடி வழியாக வழியும், அடியில் ஒட்டித் தீயும், தீய்ந்த வாடை பிறகு வைக்கும் வெந்நீரிலும் வரும். தண்ணீரில் சேமியாவை வேகவைத்து, கடைசியில் கண்டென்ஸ்டு மில்க் சேர்ப்பதே வழி.

ஆறு சிறு டம்ளருக்கு: வறுத்த சேமியா 75 கிராம், தண்ணீர் 600 மில்லி, கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம், அதாவது பெரிய டின்னில் பாதி. காய்ச்சி ஆறிய பால் ஒரு டம்ளர், மூன்று ஏலக்காய், கொஞ்சம் முந்திரி, ஒரு சிட்டிகை உப்பு. கெட்டில் ஒன்றரை லிட்டராவது இருக்க வேண்டும், அடி தட்டையாக இருக்க வேண்டும். உள்ளே கம்பிச் சுருள் தெரிகிற பழைய வகையில் சேமியா சுருளில் சிக்கிக் கருகும், அதில் முயலவே வேண்டாம்.

தண்ணீர் கொதித்ததும் சேமியாவைத் தூவி, நீளமான கரண்டியால் ஒரு கிளறு கிளறி மூடுங்கள். அரை நிமிடத்தில் நுரைத்துக்கொண்டு எழும்பும். கெட்டில் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தால் பொங்கிவிடும். ‘டக்’ என்று ஸ்விட்ச் விழுந்ததும் அப்படியே மூன்று நிமிடம் மூடி வையுங்கள். மறுபடி போடுங்கள், விழட்டும், மறுபடி மூன்று நிமிடம். இரண்டு மூன்று முறையில் சேமியா வெந்துவிடும். மூடியைத் திறந்து வைத்துக் கொதிக்கவிடாதீர்கள். உள்ளே எழும் ஆவி பட்டுத்தான் ஸ்விட்ச் விழுகிறது. மூடி திறந்திருந்தால் ஆவி வெளியே போய்விடும், கெட்டில் அணையாமல் கொதித்துக்கொண்டே இருக்கும்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகு கண்டென்ஸ்டு மில்க்கை ஊற்றிக் கலக்குங்கள், பிறகு பால், ஏலக்காய், உப்பு. இனிப்பு போதாவிட்டால் இரண்டு கரண்டிச் சர்க்கரை. ஆற ஆறச் சேமியா எல்லாவற்றையும் குடித்துக் கெட்டியாகும். கொஞ்சம் பாலை எடுத்து வைத்திருந்து பரிமாறும்போது ஊற்றுங்கள். கெட்டிலை உடனே கழுவுங்கள், காய்ந்தால் சுரண்டத்தான் வேண்டும்.

இண்டக்ஷன் அடுப்பு இருந்தால் கவனம். சாதாரணச் சிறிய சாக்கெட் ஆறு ஆம்பியருக்கானது. 230 வோல்ட்டில் அது சுமார் 1,380 வாட். அடுப்பை 2,000 வாட்டில் வைத்தால் சாக்கெட் சூடாகி உருகும், அல்லது மாடி முழுக்க மின்சாரம் போகும். 1,000 வாட்டுக்கு மேல் போகாதீர்கள், நீட்டிப்புப் பெட்டியில் செருகாதீர்கள். அறையில் எந்த மின்அடுப்பும் கூடாது என்று விடுதி விதி இருந்தால் அடுத்த பதிலைப் பாருங்கள். விதியை மீறி வைக்கும் பாயசம் வேண்டாம்.

மெஸ்ஸில் செய்து தருவார்களா?

கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள். பொருளை நீங்கள் வாங்கிக் கொடுக்க வேண்டும், குறைந்தது மூன்று நாள் முன்பே கேட்க வேண்டும். சிறப்புச் சாப்பாடு போடும் நாளைத் தவிர்க்க வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்து சமையல்காரர்கள் உட்கார்ந்திருக்கும் மூன்று மணிதான் பேச ஏற்ற நேரம்.

பாயசம் என்றால் பலருக்குப் புரியாது. ‘சேவையான் கீ கீர்’ என்று சொல்லுங்கள். அவர்கள் வழக்கத்தில் பாலைச் சுண்டக் காய்ச்சிக் கெட்டியாக எடுப்பார்கள். நம் பாயசம் டம்ளரில் ஊற்றிக் குடிப்பது. ‘பத்லா’ என்று ஒரு வார்த்தை சேர்த்தால் நீர்க்கச் செய்வார்கள். 20 பேருக்கு மூன்று லிட்டர் பால், 250 கிராம் சேமியா, 400 கிராம் சர்க்கரை, 100 கிராம் நெய் வாங்கிக் கொடுங்கள்.

கேசரி வேண்டுமென்றால், ரவை வாங்கும்போது ‘மோட்டி’ என்று கேட்டுப் பெரிய ரவையாக வாங்குங்கள். இங்கே அல்வாவுக்கு எடுக்கும் மெல்லிய ரவை நம் கேசரிக்குக் கட்டி தட்டும். ஒரு கப் ரவைக்கு இரண்டரைக் கப் தண்ணீர், ஒன்றரைக் கப் சர்க்கரை, அரைக் கப் நெய். ரவை முழுதாக வெந்த பின்புதான் சர்க்கரை போட வேண்டும். முன்னால் போட்டால் சர்க்கரை நீரை இழுத்துக்கொள்ளும், ரவை வேகாமல் நறநறவென்று நிற்கும்.

முதல் கிண்ணத்தைச் சமைத்தவருக்குக் கொடுங்கள்.

கேக் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஆறு பேருக்கு அரைக் கிலோ, பன்னிரண்டு பேருக்கு ஒரு கிலோ. யார் யார் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள். தில்லியில் செவ்வாய்க்கிழமை முட்டையும் இறைச்சியும் தொடாதவர்கள் நிறைய. அனுமனுக்கு உரிய நாள் என்பது அவர்கள் வழக்கம். நவராத்திரி ஒன்பது நாளும் அப்படியே, அது வருடத்தில் இரண்டு முறை, வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று. விரதம் இருப்பவர்கள் மைதாவே சாப்பிட மாட்டார்கள், அவர்களுக்குப் பழம் வாங்கி வையுங்கள். சந்தேகம் இருந்தால் முட்டை இல்லாத கேக்கே சொல்லிவிடலாம், எல்லாப் பேக்கரியிலும் கிடைக்கும். இஸ்லாமிய நண்பர்கள் இருந்தால் கண்ணாடி போல் மின்னும் மேற்பூச்சிலும் மார்ஷ்மெல்லோவிலும் ஜெலட்டின் உண்டா என்று கேளுங்கள்.

கோடையில் கிரீம் கேக்கை மாலை ஐந்துக்கு வாங்கி ஏழு மணிவரை அறையில் வைத்தால் சரிந்துவிடும். வெட்டுவதற்கு அரை மணி முன்னால் எடுங்கள். மெட்ரோவில் கொண்டுவந்தால் பேக்கரி தரும் பிளாஸ்டிக் கத்தியே போதும். உலோகக் கத்தி வைத்திருந்தால் சோதனையில் நிறுத்தலாம்.

நள்ளிரவு பன்னிரண்டு மணிக் கொண்டாட்டம் அவசியமா? ‘பம்ப்ஸ்’ கொடுப்பார்கள் என்று பயமாக இருக்கிறது.

அவசியமில்லை. வேண்டாம் என்றால் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள்: “எங்கள் வீட்டில் காலையில்தான் தொடங்குவோம், மாலை ஏழு மணிக்கு எல்லோரும் வாருங்கள்.” மறுப்போடு நேரமும் சேர்த்துச் சொன்னால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

கையையும் காலையும் பிடித்துத் தூக்கி வயதுக்கு ஏற்ற எண்ணிக்கையில் உதைப்பதுதான் ‘பம்ப்ஸ்’. அது விளையாட்டு அல்ல. முதுகெலும்பிலும் சிறுநீரகத்திலும் அடிபடும். விருப்பமில்லாதவரை அப்படிச் செய்வதை நாங்கள் ராகிங் என்றே சொல்வோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் தடுப்பு எண் 1800-180-5522, எந்நேரமும் அழைக்கலாம். அதற்குமுன் விடுதிக் காப்பாளரிடமும் மூத்த தமிழ் மாணவர் ஒருவரிடமும் சொல்லி வையுங்கள். பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும்.

நுரை ஸ்பிரே வாங்காதீர்கள். அதற்குள் இருந்து நுரையைத் தள்ளுவது எரியும் வாயு. மெழுகுவத்தி எரிகையில் அடித்தால் முகத்தோடு பற்றும். கூரையில் ஒட்டி மிதக்கும் பலூன்களில் ஹைட்ரஜன் இருக்கலாம், அதுவும் தீப்பிடிக்கும். வாயால் ஊதிய பலூனே நல்லது. இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை உண்டு. வெளியே போனால் கடைசி மெட்ரோ சுமார் பதினொரு மணிக்கு என்பதை நினைவில் வையுங்கள். தில்லியில் மது அருந்தச் சட்டப்படியான வயது 25 என்பதையும்.

‘பார்ட்டி கொடு’ என்று பத்துப் பேர் நிற்கிறார்கள். செலவை எப்படிச் சமாளிப்பது?

இங்கே பிறந்தநாள்காரர்தான் செலவழிக்க வேண்டும் என்பது வழக்கம். தொகையை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குள் அடங்கும் இடத்தை நீங்களே சொல்லுங்கள். “எங்கே போகலாம்?” என்று அவர்களிடம் கேட்டால் கணக்கு கைமீறும். கன்னாட் பிளேஸ் சரவண பவனுக்குக் கூட்டிப் போவது பலரும் செய்வது. வடநாட்டு நண்பர்களுக்கும் தோசை பிடிக்கும், உங்களுக்கும் நாக்குக்கு ஊர் திரும்பும். எந்த ஓட்டலிலும் ரசீதில் சேவைக் கட்டணம் என்று போட்டிருந்தால் அதை எடுக்கச் சொல்லலாம். அது கட்டாயமல்ல என்று 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

இலை போட்டு அறையிலேயே சாப்பிட வேண்டுமென்றால் ஐ.என்.ஏ. மார்க்கெட். தில்லி ஹாட் ஐ.என்.ஏ. நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே. வாழையிலை, தேங்காய், கறிவேப்பிலை, அப்பளம் எல்லாம் கிடைக்கும்.

ஒரு நாளுக்காக ஊருக்குப் போய் வரலாமா?

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஒருவழியே ஏறக்குறைய 33 மணி நேரம். போகவர மூன்று நாள் ரயிலிலேயே கழியும். நான்கைந்து நாள் விடுமுறை சேர்ந்து வந்தால் மட்டும் போங்கள். முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கும், அன்று காலையே எடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு எப்போது பேசுவது? பேசினால் அழுகை வருகிறது.

காலை முதல் வேலையாக, குளித்துப் புதுத்துணி போட்டுக்கொண்டு வீடியோவில் பேசுங்கள். பல் தேய்க்காமல் போர்வைக்குள்ளிருந்து எடுக்காதீர்கள். அவர்களுக்கு உங்களை அந்தத் துணியில் பார்க்க வேண்டும். கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு விழுந்து கும்பிடுங்கள். தாத்தா பாட்டி தனியே இருந்தால் அவர்களுக்குத் தனியாக. அழுகை வந்தால் வரட்டும், அந்தப் பக்கமும் வரும். பேசி முடித்ததும் தனியே உட்காராமல் கோயிலுக்கோ காலைச் சாப்பாட்டுக்கோ யாருடனாவது கிளம்பிவிடுங்கள்.

அன்று மட்டுமல்லாமல் வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல் மனம் அழுந்திக் கிடந்தால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் சேவை, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

பிறந்தநாளில் பரீட்சை. அல்லது விடுதியே காலி.

பரீட்சை என்றால் கொண்டாட்டத்தை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளுங்கள். பிறந்தநாளன்று காலை வீட்டோடு பேச்சும் ஒரு வாய் இனிப்பும் போதும். விடுதி காலி என்றால் மலை மந்திருக்குப் போங்கள், அப்படியே ராமகிருஷ்ணபுரத்திலேயே உள்ள தில்லித் தமிழ்ச் சங்கத்தையும் எட்டிப் பாருங்கள். 1946 முதல் இருக்கிறது, நூலகம் உண்டு. நான்கு பேர் தமிழில் பேசும் சத்தமாவது காதில் விழும்.

பார்சலில் வந்த எவர்சில்வர் டப்பாவை என்ன செய்வது?

திருப்பி அனுப்ப வேண்டும், வெறும் டப்பாவாக அல்ல. ஊருக்குப் போகும் நண்பர் யாராவது இருந்தால் கொடுத்தனுப்புங்கள். குளிர்காலமானால் கஜக்கும் ரேவடியும் போடலாம். எள்ளும் வெல்லமும் சேர்ந்தவை, வாரக்கணக்கில் கெடாது. கோடையானால் ஆக்ராவின் உலர்ந்த பேட்டா, அதாவது வெண்பூசணி மிட்டாய். பாகு சொட்டும் வகையை வாங்காதீர்கள், வழியில் கசியும். மூடியின் உள்பக்கம் பாட்டி பெயரோ வீட்டுப் பெயரோ வெட்டியிருக்கும், மூடி மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.